கடலுக்குக் கட்டும் கப்பம்

காலை எட்டு மணிக்கே லங்காவியில் வெயில் உறைக்கத் தொடங்கிவிடுகிறது. ஓதம் ஏறி நிற்கும் நேரம். கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கான்கிரீட் மேடைகள் இணையாக நீண்டிருக்கின்றன. நடுவே உள்ள தண்ணீருக்குள் 12 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்று மெல்ல நுழைகிறது. மேடைகளின் மேல் நான்கு பெருஞ்சக்கரங்களில் ஓர் இரும்புச் சட்டம் நிற்கிறது. டிராவல் லிஃப்ட் என்று அதைச் சொல்வார்கள். அதிலிருந்து இரண்டு அகன்ற பட்டைகள் தண்ணீருக்குள் இறங்கி, குழந்தைக்குக் கட்டிய தூளி போலத் தொங்குகின்றன. 10 டன் எடையுள்ள படகு அந்தத் தூளிக்குள் வந்து நிற்க வேண்டும்.

பட்டை எங்கே படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சற்றுப் பின்னே தள்ளிப்போனால் புரொப்பெல்லர் தண்டு வளையும், சுக்கான் உடையும். சற்று முன்னே போனால் முகப்பான அணியத்தின் சரிவில் வழுக்கிவிடும். அதனால் பட்டை படவேண்டிய இடங்களைப் படகின் பக்கவாட்டில் முன்பே அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். இரு பட்டைகளையும் ஒன்றோடொன்று கயிற்றால் பிணைக்கிறார்கள். லிஃப்ட் உறுமுகிறது. படகு அங்குலம் அங்குலமாக மேலே வருகிறது.

தண்ணீர் வடிந்து முடிந்ததும் படகின் அடியில் ஒரு சத்தம் கேட்கும். சட்டியில் நெல் பொரிவது போன்ற மெல்லிய படபடப்பு. ஒட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள், காற்றுப் பட்டதும் தம் ஓட்டுக் கதவுகளை இழுத்து மூடிக்கொள்கின்றன. பச்சைப் பாசியும் சேறும் மீனும் கலந்த வாடை எழுகிறது. ஒரு வருடத்துக்கு முன் வழவழப்பாக நீலம் பூசி இறக்கிய அடிப்பகுதி இப்போது கரடுமுரடான பாறையாகிக் கிடக்கிறது.

உலகைச் சுற்றும் பாய்மரப் படகுக்காரர்கள் பலர் இந்த வேலைக்காக லங்காவிக்கும், சற்று வடக்கே தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் வருகிறார்கள். புயல்கள் வழக்கமாகச் சுழலும் பாதைக்குத் தெற்கே ஒதுங்கியிருக்கும் தீவு லங்காவி. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. 1987 முதல் லங்காவி வரியில்லாத் தீவு என்பதால் சாமான்களும் மலிவு. தீவுக்கூட்டம் மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. சோழர் வரலாற்றில் கடாரம் என்று நாம் படித்த மண். அன்று இங்கே வந்த மரக்கலங்களின் அடியிலும் இதே உயிர்கள் ஒட்டாமல் இருந்திருக்க வழியில்லை.

படகைக் கரையேற்றுவதை ஒரு பழுதுபார்ப்பு என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். அது ஒரு கணக்கு முடிப்பு. கடலில் நிற்கும் எந்தப் பொருளும், தன்னைச் சேர்ந்த ஏதோ ஒன்றைக் கரையக் கொடுத்துக்கொண்டேதான் நிற்கிறது. அந்தக் கப்பத்தை எதில் கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்று தீர்மானிப்பதுதான் படகுப் பராமரிப்பின் மொத்த அறிவியலும். நாம் தீர்மானிக்காவிட்டால் கடலே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்டவர்கள்

சுத்தமான ஒரு பலகையைக் கடல்நீரில் அமிழ்த்திப் பாருங்கள். சில நிமிடங்களில் தண்ணீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்கள் அதன் மேல் படியும். சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வந்து பிசுபிசுப்பான படலம் நெய்யும். அடுத்து டயாட்டம் என்னும் ஒற்றைச்செல் பாசிகள் வரும். விரலால் தொட்டால் வழுக்கும் அந்தக் கொழகொழப்பு, குடியேற்றத்தின் முதல் கட்டம். அதன் பின்னால் பச்சைப் பாசி, குழாய்ப்புழுக்கள், சிப்பிகள், எல்லோரையும்விடப் பிடிவாதக்காரரான கொட்டலசு.

கொட்டலசைக் கடற்கரைப் பாறைகளிலும் பாலத்தூண்களிலும் பார்த்திருப்போம். சுண்ணாம்பால் செய்த குட்டி எரிமலை போல இருக்கும். பார்வைக்குச் சிப்பி வகை என்று தோன்றும். உண்மையில் அது நண்டு, இறால் குடும்பத்தைச் சேர்ந்தது. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இந்த உயிரினத்தோடு மல்லுக்கட்டினார். பரிணாமக் கொள்கையை நூலாக வெளியிடும் முன் அவர் பாடுபட்டு முடித்த பெரிய வேலை இதுதான்.

குஞ்சுப் பருவத்தில் அது தண்ணீரில் நீந்தித் திரியும். ஆறு முறை உருமாறிய பின் கடைசியாக ஒரு பருவம் வரும். அந்தப் பருவத்தில் அது எதையும் உண்பதில்லை. சேமித்த கொழுப்பு தீர்வதற்குள் இடம் பிடித்தாக வேண்டும் என்பது ஒன்றே அதன் வேலை. வீடு பார்க்கப் போகிறவர் ஒவ்வோர் அறையாக நுழைந்து பார்ப்பது போல, தன் உணர்கொம்புகளால் ஓர் இடத்தை மிதித்து மிதித்துச் சோதிக்கும். பிடிக்காவிட்டால் விட்டு நீந்திவிடும். பிடித்துவிட்டால் தலைகீழாக நின்று, புரதத்தாலான பசையைச் சுரந்து, தலையை நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு வாழ்நாள் முழுக்கத் தலைகீழ்தான். மேலே நீட்டிய கால்களால் இரையை வாரி வாய்க்குள் தள்ளும். தண்ணீருக்குள்ளேயே இறுகும் அந்தப் பசையின் பிடி எப்படிப்பட்டது என்றால், ஓட்டைச் சுரண்டி எடுத்த பிறகும் அடித்தட்டு வெள்ளை வட்டமாகப் படகிலேயே தங்கிவிடும்.

இணை சேரப் பக்கத்து வீடு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால் கொட்டலசுகள் கூட்டமாகவே குடியேறும். முன்பு வந்தவை விட்டுச்சென்ற வேதி வாசனையைப் பிடித்துக்கொண்டு புதியவை வரும். ஒன்று ஒட்டினால் ஊரே வந்துவிடும்.

குளிர்நாட்டுக் கடல்களில் இதற்கெல்லாம் ஒரு பருவம் உண்டு. பனிக்காலத்தில் ஓய்வு கிடைக்கும். ஆண்டு முழுவதும் 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கும் லங்காவிக் கடலில் அந்த ஓய்வு இல்லை. நங்கூரமிட்டு ஒரு மாதம் அசையாமல் நின்ற படகின் புரொப்பெல்லரில் கொட்டலசு மூடி, எஞ்சின் உறுமியும் படகு நகராத அனுபவம் இங்கே பலருக்கும் உண்டு.

ஒட்டிய உயிர்கள் என்ன செய்துவிடும்? நீர் வழுக்கிப்போக வேண்டிய பரப்பில் அது சுழன்று தடுமாறும், இழுவை கூடும். அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் வகை ஒன்றை வைத்து 2007-இல் வெளியான ஒரு கணக்கின்படி, கொட்டலசும் குழாய்ப்புழுவும் மண்டிய கப்பல் அதே வேகத்தில் ஓட 86 சதவீதம் வரை கூடுதல் திறன் வேண்டியிருக்கிறது. வெறும் பாசிப் படலமே கணிசமான சுமை. காற்றை மட்டும் நம்பி ஓடும் பாய்மரப் படகுக்குக் கூடுதல் திறனை எங்கிருந்து கொண்டுவருவது? வேகத்தை இழக்க வேண்டியதுதான். கரை காண இரண்டு நாள் பிந்தினால், வானிலை மாறுவதற்கு இரண்டு நாள் இடம் கொடுத்ததாகிவிடும்.

மரப்படகுகளின் காலத்தில் இதைவிடப் பெரிய எதிரி ஒன்று இருந்தது: கப்பல் புழு. பெயர்தான் புழு, பிறப்பால் அது சிப்பி இனம். தன் ஓட்டையே துரப்பணமாக்கி மரத்தைக் குடைந்து செல்லும். மரத்தூளைச் செரிக்க அதன் செவுள்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உதவுகின்றன. கொலம்பஸின் நான்காம் பயணத்தில், கரீபியக் கடலின் வெதுவெதுப்பில் கொழுத்த இந்தப் புழு, அவருடைய கப்பல்களைத் தேன்கூடாக்கியது. எஞ்சிய இரண்டு கப்பல்களை 1503-இல் ஜமைக்காக் கரையில் ஏற்றி நிறுத்திவிட்டு, மீட்பவர்கள் வரும்வரை ஓராண்டு அவர் காத்துக்கிடக்க நேர்ந்தது.

செம்பு சொன்ன பாடம்

அந்தப் புழுவுக்குப் பயந்துதான் பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் ஒரு பரீட்சை செய்தது. 'அலாரம்' என்ற 32 பீரங்கிக் கப்பலின் அடிப்பகுதி முழுவதையும் மெல்லிய செப்புத் தகட்டால் போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. திரும்பி வந்ததும் 1763-இல் சோதித்தார்கள். செம்பு இருந்த இடத்தில் புழுவும் இல்லை, பாசியும் இல்லை. மகிழ்ச்சி அதோடு முடிந்தது. தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் கையால் தொட்டாலே உதிரும் சக்கையாகியிருந்தன. சில இடங்களில் மட்டும் இரும்பு அப்படியே கெட்டியாக இருந்தது. காரணம் தேடிப் பார்த்தபோது ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. தகடுகள் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வந்திருந்தன. சில இடங்களில் காகிதத்தை உரிக்காமலேயே வைத்து அடித்திருக்கிறார்கள். செம்புக்கும் இரும்புக்கும் நடுவே அந்தக் காகிதம் இருந்த இடத்தில் இரும்பு பிழைத்திருந்தது.

எலுமிச்சம்பழத்தில் ஒரு செப்புக் கம்பியையும் ஒரு துத்தநாக ஆணியையும் குத்தி மின்சாரம் எடுக்கும் பள்ளிக்கூடச் சோதனை நினைவிருக்கும். இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு மின்கலம் பிறந்துவிடுகிறது. அதில் ஒன்று கரையும்; மற்றது காப்பாற்றப்படும். செம்பும் இரும்பும் சேர்ந்தால் கரைவது இரும்பு. மின்கலம் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படும் முன்பே கடல் அதைக் கப்பலின் அடியில் செய்து காட்டிவிட்டது.

பாடத்தின் இரண்டாம் பாதி 1824-இல் வந்தது. செப்புத் தகடும் கடலில் மெல்லக் கரைந்து வீணாகிறதே, அதைத் தடுக்க முடியுமா என்று பிரிட்டிஷ் கடற்படை, வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியைக் கேட்டது. டேவி மின்கலக் கணக்கைத் திருப்பிப் போட்டார். செம்போடு சிறு இரும்புக் கட்டியையோ துத்தநாகக் கட்டியையோ சேர்த்தால் அது கரையும், செம்பு தப்பும் என்றார். கப்பல்களில் பொருத்திப் பார்த்தார்கள். சொன்னபடியே செம்பு கரையவில்லை. ஆனால் அந்தக் கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் மண்டத் தொடங்கின.

செம்பு கரைந்து கசிவதுதான் உயிர்களை விரட்டியிருக்கிறது. கரைவதை நிறுத்தியதும் காவலும் நின்றுவிட்டது. டேவியின் வேதியியலில் பிழையில்லை. கப்பலைத்தான் காக்க முடியவில்லை. எதைக் கரைய விடுவது, எதைக் கரையாமல் காப்பது என்ற கேள்வி அன்று எழுந்தது. அதற்கு இன்றுவரை ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியாக விடை காண வேண்டியிருக்கிறது.

லங்காவியில் இப்போது தூளியில் தொங்கும் படகு கண்ணாடியிழைப் படகு. புழு அதைத் தின்னாது. ஆனாலும் அதன் அடியில் பூசியிருப்பது செம்புதான். செம்பு ஆக்சைடுப் பொடி கலந்த வண்ணம் அது. சோப்புக்கட்டி தேய்வது போல, படகு ஓட ஓட வண்ணம் தேய்ந்து புதிய செம்பை வெளிக்காட்டும். அதனால்தான் ஓடும் படகைவிட ஓடாமல் நிற்கும் படகில் பாசி அதிகம். விவரம் தெரிந்தவர்கள் முதல் பூச்சைச் சிவப்பாகவும் மேல் பூச்சுகளை நீலமாகவும் அடிப்பார்கள். நீலத்துக்கு நடுவே சிவப்பு எட்டிப்பார்த்தால் கப்பம் தீரப்போகிறது என்று பொருள்.

இளஞ்சிவப்புப் பித்தளை

உயர் அழுத்த நீரைப் பீய்ச்சி, பாசி காய்வதற்கு முன்பே அடியைக் கழுவ வேண்டும். காய்ந்துவிட்டால் மறுநாள் உளிதான் பேசும். கழுவி முடித்த படகை மரக்கட்டைகளின் மேல் இறக்குகிறார்கள். எடை முழுவதையும் படகின் அடி முதுகெலும்பான ஏரா தாங்குகிறது. பக்கவாட்டில் நிற்கும் இரும்பு முட்டுக்கால்கள் சாயாமல் பிடிக்க மட்டுமே. எதிரெதிர் முட்டுகளைச் சங்கிலியால் பிணைத்திருப்பார்கள், மழையில் மண் இளகினாலும் கால் விலகாதிருக்க. நிழலுக்குக் கட்டும் தார்ப்பாய்க் கயிற்றை ஒருபோதும் முட்டுக்காலில் கட்டக்கூடாது. ஒரு சூறைக்காற்றில் தார்ப்பாய் முட்டுக்காலை உருவிவிடும்.

இனி உலோகங்களைப் பார்க்கலாம். புரொப்பெல்லர் தண்டில் ஒரு துத்தநாக வளையம் இருக்கிறது. புதிதாக மாட்டியபோது வழவழவென்று எலுமிச்சை அளவில் இருந்தது, இப்போது கரையான் அரித்த கட்டை போல நோண்டி நோண்டி இருக்கிறது. இது நல்ல செய்தி. வெண்கலப் புரொப்பெல்லருக்குப் பதிலாகத் துத்தநாகம் கரைந்திருக்கிறது. டேவி சொன்ன வழி இங்கே அப்படியே பயன்படுகிறது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். ஒரு வருடம் கழித்தும் புதிதாகவே மினுங்கும் துத்தநாகத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். தொடர்பு எங்கோ அறுந்திருக்கிறது. கடல் வேறு ஏதோ உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது.

அடுத்து, கடல்நீரை உள்ளே எடுக்கவும் வெளியே விடவும் படகின் அடியில் பொருத்திய வால்வுகள். இவை வெண்கலத்தில் இருக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாததால் விலை குறைந்த பித்தளையும் சில நேரம் இடம்பிடித்துவிடும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. காக்க வேறு ஆள் இல்லாவிட்டால் கடல் அந்தக் கலவைக்குள்ளிருந்தே துத்தநாகத்தை உறிஞ்சி எடுத்துவிடும். வால்வின் மேல் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் நலம். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், உருவம் மட்டும் மிஞ்சிய செம்புக் கடற்பஞ்சு அது. சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் 'டங்' என்று ஒலிக்காமல் 'தொப்' என்னும். கரையில் உடைந்தால் ஒரு வால்வின் விலை. நடுக்கடலில் உடைந்தால் ஒரு படகின் விலை.

மூன்றாவது, நாம் எவர்சில்வர் என்று சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடுத் தோல் ஒன்று இருக்கிறது. கீறினாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு தானே ஆறிவிடும். ஆக்சிஜன் எட்டாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் அந்தத் தோல் ஆறாது. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள் சேரும் தகடுகள், மேல்தளத்தின் ஊடே இறங்கும் இடத்தில்தான் இப்படித் தேங்கும். மேலே பளபளப்பு, உள்ளே விரிசல். பழுப்பு நிறத்தில் ஒரு துளி வடிந்த கறை இருந்தால், தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் பாயை ஏற்றக்கூடாது.

கொப்புளம்

கண்ணாடியிழைக்குத் துரு இல்லை, செல்லரிப்பு இல்லை. அதனால் அது கடலிடம் தப்பிவிட்டது என்று தொடக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். சில வருடங்கள் கழித்துக் கரையேற்றிய படகுகளின் அடியில், அப்பளத்தில் எழும்புவது போலக் கொப்புளங்கள் எழுந்திருந்தன. ஒன்றைக் குத்தினால் புளித்த காடி நெடியோடு ஒரு திரவம் பீய்ச்சும். எதிரே முகத்தை வைக்கக்கூடாது. கண்ணில் பட்டால் எரியும்.

பாயசத்தில் போட்ட உலர்திராட்சை ஏன் உப்புகிறதோ அதே காரணம்தான் இதற்கும். பாலியெஸ்டர் பிசின் தண்ணீரை முற்றாகத் தடுப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் மிக மெதுவாக உள்ளே நுழைகின்றன. உள்ளே முழுவதும் வினைபுரியாமல் எஞ்சிய வேதிப்பொருள்கள் அந்த நீரில் கரைந்து அடர்ந்த கரைசலாகின்றன. அடர்த்தி கூடிய பக்கம் நீர் போகும் என்பது சவ்வூடு பரவலின் விதி. உள்ளே நீர் சேரச் சேர அழுத்தம் கூடி மேல்பூச்சு கொப்புளிக்கிறது. உப்புக் கடலைவிட நன்னீர் ஏரியில் நிற்கும் படகுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதும் இதே விதியால்தான்.

வெப்பம் இந்த நுழைவை விரைவுபடுத்தும். அதனால் வெதுவெதுப்பான கடலில் நிற்கும் படகு, அதே வயதுள்ள குளிர்நாட்டுப் படகைவிட முன்னதாக நனைகிறது. சில கொப்புளங்கள் என்றால் திறந்து, கழுவி, உலர்த்தி, எபாக்ஸிப் பிசின் வைத்து அடைக்கலாம். அடி முழுவதும் கொப்புளம் என்றால் மேல்பூச்சையே சீவியெடுத்து, நன்னீரால் திரும்பத் திரும்பக் கழுவி, மாதக்கணக்கில் உலர விட வேண்டும். அதன்பின் நீர் புகாத எபாக்ஸிப் பூச்சு பல அடுக்குகள். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்குவது அரிசி மாவை அடைமழையில் காய வைப்பது போலத்தான். லங்காவியின் அந்த நான்கு வறண்ட மாதங்களுக்கு இருக்கும் மதிப்பு இப்போது புரியும்.

பனிக்கும் வெயிலுக்கும் நடுவே

வெயில் இருக்கிறது, வண்ணம் இருக்கிறது, அடித்துவிடலாமே என்று தோன்றும். வெப்பமண்டலக் காற்றில் தண்ணீர் மறைந்திருக்கிறது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனித்துளியாகிவிடும். இரவெல்லாம் குளிர்ந்த படகின் பரப்பு விடியலில் அந்த அளவுக்கு இறங்கியிருக்கும். கண்ணுக்கு உலர்ந்தது போலத் தெரியும் பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அதன் மேல் அடித்த எபாக்ஸி, படகைப் பிடிக்காமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆறே மாதத்தில் தோலாக உரியும். எனவே, பனி விழும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது பரப்பு சூடாக இருக்கும்போதுதான் பூசுவது என்பது தொழிலின் எழுதப்பட்ட விதி.

நண்பகல் வந்தால் எதிர்ச் சிக்கல். எபாக்ஸி என்பது இரு திரவங்கள் வினைபுரிந்து இறுகும் பொருள். பொதுவாக 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். வினையே வெப்பத்தை வெளியிடுவதால், ஒரு குவளையில் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே மேலும் சூடாகி, சில நிமிடங்களில் புகைந்து கல்லாகிவிடும். பழக்கமுள்ளவர் அதைக் குவளையில் விடமாட்டார். தட்டையான தட்டில் பரத்தி ஊற்றுவார், சூடு ஆறும், நேரம் கிடைக்கும். மெதுவாக இறுக்கும் வகைத் திரவத்தைத் தேர்ந்தெடுப்பார். சூரியன் படகின் இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் வேலை செய்வார். வெயிலோடு சேர்ந்து படகைச் சுற்றி வருவதுதான் இங்கே வண்ணம் பூசும் கலை.

படகு மேலே இருக்கும்போதே முடிக்க வேண்டிய மேம்பாடுகளும் உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே துளை போட வேண்டிய எதையும் இப்போதே செய்தாக வேண்டும்: ஆழமானி, புதிய வால்வு, நன்னீர் தயாரிக்கும் கருவியின் குழாய். பாய் விரித்து ஓடும்போது மடிந்துகொள்ளும் புரொப்பெல்லரை மாட்டினால் இழுவை குறையும். சூரியத் தகடும் லித்தியம் மின்கலமும் தண்ணீரிலும் செய்யக்கூடியவை, ஆனால் பலரும் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். அதிலும் அந்த 10 டிகிரிக் கணக்கு வருகிறது. மின்கலத்தின் உள்ளே நடக்கும் தேய்மானமும் ஒரு வேதிவினைதான். எஞ்சின் பக்கத்தில் வைத்த மின்கலம் விரைவில் கிழடாகும். குளிர்நாட்டில் எழுதிய கையேட்டை இங்கே அப்படியே நம்பக் கூடாது.

கப்பத்தின் மறுபக்கம்

கடலுக்கு நாம் கொடுக்கும் கப்பம் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்காமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

செம்பைவிடக் கடுமையான ஒன்றை 20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கண்டுபிடித்தார்கள். டிரைபியூட்டைல் டின், சுருக்கமாக டி.பி.டி. வெள்ளீயத்தின் கரிமச் சேர்மம். படகில் ஒன்றும் ஒட்டவில்லை, எல்லோரும் கொண்டாடினார்கள். பிரான்சின் ஆர்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்த்தவர்களுக்குத்தான் முதலில் அடி விழுந்தது. குஞ்சுகள் பிழைக்கவில்லை, வளர்ந்தவற்றின் ஓடுகள் தடித்துக் கோணின. கடல் நத்தைகளில் பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்து இனப்பெருக்கம் நின்றது. 1982-இல் பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் அந்த வண்ணத்தைக் கட்டுப்படுத்தியது. 2001-இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வந்து உலகக் கப்பல்களிலிருந்தே அதை விலக்கியது. ஒட்ட வருபவரை மட்டும் கொல்லும் விஷம் கடலில் இல்லை.

விஷமே வேண்டாம் என்று பூசாமல் விட்டாலும் தப்ப வழியில்லை. படகில் ஒட்டியவை படகோடு பயணம் செய்யும். 1999 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் வெப்பமண்டலத் துறைமுகமான டார்வினில், படகுத் துறை ஒன்றில் கருங்கோடு போட்ட அந்நிய மட்டி ஒன்று திடீரென்று பெருகிக் கிடந்தது. ஆறு மாதம் முன்பு பார்த்தபோது அது அங்கே இல்லை. கரீபியப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட அந்த மட்டி, ஒரு படகின் அடியில் ஒட்டி வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். டார்வினில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிது என்பதால் படகுத் துறைகளுக்கு மதகுக் கதவுகள் உண்டு. கதவுகளை அடைத்து, உள்ளே குளோரினும் காப்பர் சல்ஃபேட்டும் கொட்டி, சில வாரங்களில் மட்டியை அடியோடு அழித்தார்கள். மதகு இருந்ததால் முடிந்தது.

மதகு இல்லாத இடத்துக்கு உதாரணம் சென்னை எண்ணூர். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் இறால் பிடித்து வாழும் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று பெயரிட்டிருக்கும் மட்டியைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்போம். மத்திய, தென் அமெரிக்கக் கரைகளுக்குச் சொந்தமான இனம் அது. கப்பல்களின் அடியிலோ அவை சுமந்துவரும் சமநிலை நீரிலோ வந்திருக்கும் என்று கருதப்படுகிறது. ஆற்றின் அடிமண்ணை அது விரிப்பாக மூடிவிட்டது. மண்ணைக் கையால் துழாவி இறால் பிடித்தவர்களுக்கு இப்போது கையில் கிடைப்பது கூரிய ஓடுகள். இறாலுக்கோ பதுங்க மண் இல்லை. எங்கோ எவரோ சுரண்டாமல் விட்ட அடிப்பகுதிக்கு, படகில் கால் வைத்தே பார்த்திராத ஒரு குடும்பம் கப்பம் கட்டிக்கொண்டிருக்கிறது.

இதனால்தான் நல்ல படகுத் துறையில் நான் முதலில் பார்க்க விரும்புவது லிஃப்டை அல்ல, கழுவும் தளத்தின் வடிகாலை. சுரண்டிய கொட்டலசும் செம்பு கலந்த கழுவுநீரும் ஒரு தொட்டியில் தேங்கி, வடிகட்டப்பட்டு, கசடு தனியே போக வேண்டும். நேரே கடலுக்கு இறங்கும் குழாய் இருந்தால் அங்கே படகு சுத்தமாகிறது, துறை அழுக்காகிறது. அதேபோல வண்ணத்தைத் தேய்க்கும் தொழிலாளியின் முகமூடியையும் பார்க்க வேண்டும். கொட்டலசைக் கொல்லும் பொடி மனித நுரையீரலுக்கு நல்லதாக இருக்காது. உப்புத்தாளை ஈரமாக வைத்துத் தேய்த்தால் தூசு பறக்காது. செலவும் இல்லை, மனம் இருந்தால் போதும்.

ஒரு சொட்டு விஷமும் இல்லாமல் இந்த வேலையை முடித்த ஒரு படகு நம்மிடம் இருந்தது. கட்டுமரம். கடலிலிருந்து வந்ததும் மணலில் இழுத்துப் போட்டு, கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காய வைப்பார்கள். இடம் தேடி வந்த கொட்டலசுக் குஞ்சும் மரத்துக்குள் நுழையப் பார்த்த புழுவும் அந்த வெயிலில் பிழைக்க வழியில்லை. ஊறிய நீரும் வற்றி மரம் மறுபடி இலேசாகும். நாள்தோறும் கரையேறிய படகு அது. 10 டன் படகை அப்படித் தினமும் இழுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் வேலையில்லாத படகைத் தண்ணீரில் நிறுத்தி வைக்காமல் கரையில் வைப்பதும், அளவாகப் பூசுவதும், நேரத்தில் சுரண்டுவதும் அதே அறிவின் தொடர்ச்சி.

மூன்று வாரம் கழித்து லங்காவியில் லிஃப்ட் திரும்ப வருகிறது. பட்டைகள் படகைத் தாங்கியதும் முட்டுக்கால்களை எடுக்கிறார்கள். முட்டுகள் பட்டிருந்த இடங்களில் மட்டும் வண்ணம் இல்லாத வட்டங்கள். தூளியில் தொங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒருவர் அவசரமாக அவற்றின் மேல் பூசுகிறார். கட்டைகளின் மேல் நின்ற ஏராவின் அடிக்கும் ஒரு கை.

படகு தண்ணீரைத் தொட்டதும் பட்டைகளை உடனே அவிழ்ப்பதில்லை. உரிமையாளர் உள்ளே இறங்கி, தரைப்பலகையைத் தூக்கி, ஒவ்வொரு வால்வாகக் கையால் தடவிப் பார்க்கிறார். விரல் நனைந்தால் மறுபடி மேலே. நனையவில்லை. தலையை வெளியே நீட்டிச் சைகை காட்டுகிறார், பட்டைகள் தளர்கின்றன. படகு தன் எடையைக் கடலிடம் கொடுத்துவிட்டு மிதக்கிறது. அதன் அடியில், தண்டின் நுனியில், புதிதாக மாட்டிய துத்தநாகம் ஏற்கெனவே கரையத் தொடங்கியிருக்கிறது.